செயலாளர் எழுதிக் கொடுத்த உரை

தமிழ்மொழிக் கழகத் தேர்தலில் தினேஸ்வரிக்கு நாற்பத்தாறு கைகள் உயர்ந்தன. ஆர்த்திகாவுக்கு முப்பத்தொன்று. ஆலோசக ஆசிரியை புஷ்பலதாவே விரலை நீட்டி இரண்டு தடவை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, வெண்பலகையில் ‘தலைவர்’ என்பதற்கு எதிரே ஆர்த்திகாவின் பெயரை எழுதினார். ‘செயலாளர்’ என்பதற்கு எதிரே தினேஸ்வரி.

“என்ன டீச்சர் இது? அவளுக்குத்தானே கூட விழுந்துச்சு!” கடைசி வரிசையிலிருந்து சுரேன் குரல் கொடுத்தான். அவனுக்கு இதில் அக்கறை ஒன்றும் கிடையாது. எங்கே சத்தம் போட இடம் கிடைக்கிறதோ அங்கே போடுவான்.

“கை தூக்குறது உங்க விருப்பத்தத் தெரிஞ்சுக்கத்தான். முடிவு நான் எடுக்கிறது” என்றார் புஷ்பலதா டீச்சர். “தலைவர்னா பிரின்சிபல் ரூமுக்குப் போகணும். மலாய்ல, இங்கிலீஷ்ல பேசி வேலைய முடிச்சிட்டு வரணும். ஆர்த்திகா டிபேட் பேசுற புள்ள. தினேஸ்வரிக்கு எழுத்து வேல நல்லா வரும். அவங்கவங்களுக்குத் தோதானது லா.”

தினேஸ்வரி தலையாட்டினாள். தலையாட்டும்போது கழுத்து எரிந்தது.

ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் அவள். மாநில அளவில் பேச்சுப் போட்டிக்குப் போனவள். ஆர்த்திகா மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராது. அப்பா துரைசிங்கம் கட்டாயப்படுத்தியதால் போன வருடம்தான் கழகத்தில் சேர்ந்தாள். ஈப்போவில் பெயர் சொன்னால் தெரிகிற யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். துரைசிங்கம் வழக்கறிஞர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் துணைத் தலைவர். தினேஸ்வரியின் அப்பா பாகான் டத்தோவுக்கும் ஈப்போவுக்கும் தேங்காய் லாரி ஓட்டுகிறவர். அம்மா நவமணி கையுறைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் நிற்கிறாள். சிலிம் ரிவர் பக்கம் தாத்தா கூலி வேலை பார்த்த ரப்பர் தோட்டம் கைமாறியபோது குடும்பம் ஈப்போவின் குனோங் ராபாட் பகுதிக்கு வந்தது. அந்தத் தோட்டத்தைத் தினேஸ்வரி கண்ணால் பார்த்ததே இல்லை.

பதவி வெறும் பெருமைக்காக அல்ல. ஐந்தாம் படிவம் முடித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்கு மனுப் போடும்போது கழகம், விளையாட்டு போன்ற புறப்பாட மதிப்பெண்ணும் சேரும். தலைவருக்குக் கூடுதல் புள்ளி, செயலாளருக்கு அதைவிடக் குறைவு. ஆர்த்திகா எப்படியும் தனியார் கல்லூரிக்குப் போய்விடுவாள். அவளுக்கு அந்தப் புள்ளி வெறும் அலங்காரம்.

பள்ளி திறந்த நான்காம் வாரம், புதன்கிழமை, கழகத் தலைவர்கள் அறிமுக நிகழ்ச்சி. பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரும் மேடையேறித் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, இந்த ஆண்டு என்ன செய்ய விரும்புகிறார்கள் என்று சொல்ல வேண்டும். பெற்றோர் சங்கத்தின் சார்பில் துரைசிங்கம் சிறப்பு விருந்தினர்.

“ஆர்த்திகாவுக்கு நீயே எழுதிக் குடுத்துடும்மா. அவளுக்குத் தோதா இங்கிலீஷ் எழுத்துல” என்றார் டீச்சர்.

ஆர்த்திகா கைநகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. “சிம்ப்பிளா எழுது. என் அப்பா வர்றார். என்னை மாட்டி விடாத.”

மாட்டி விடும் எண்ணம் அப்போது தினேஸ்வரிக்கு இல்லை. சொன்ன வேலையைப் பிழையில்லாமல் செய்வதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒன்றரைப் பக்கத்தில் நல்ல உரையாக எழுதினாள். ஆங்கில எழுத்தில் தட்டி, வாட்சாப்பில் அனுப்பினாள். மனப்பாடம் செய்ய மூன்று நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், குனோங் ராபாட் கடைவரிசையில் போட்டோஸ்டாட் கடையில் உரையை அச்செடுக்க நின்றபோது ஆர்த்திகாவின் குரல் பதிவு வந்தது. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பதால் மேடையில் படிப்பதற்குத் தாள்தான் வேண்டும். தினேஸ்வரி பதிவைக் காதில் வைத்துக் கேட்டாள்.

“தினேஸ், அப்பா ரீட் பண்ணிட்டார். வெரி குட் தமிழ், யார் எழுதினதுன்னு கேட்டார். செக்ரட்டரி எழுதினான்னு சொன்னேன். அப்பா சொன்னார், பரவாயில்லையே, தோட்டத்துப் பிள்ளையள்கூட இவ்வளவு திருத்தமா எழுதுதுகளே அப்படின்னு. சோ, தேங்க் யூ லா.”

பாராட்டாகத்தான் சொன்னாள். குரலில் சிரிப்புகூட இருந்தது. தினேஸ்வரி அதை நான்கு முறை கேட்டாள். ‘கூட’ என்ற அந்தச் சொல் நான்கு முறையும் ஒரே இடத்தில் குத்தியது.

கடைக்காரரின் கணினியில் உரை திறந்திருந்தது. கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம்: ‘உங்கள் எல்லோருடைய ஆதரவோடும் இந்த ஆண்டு என் கொள்கையை நிறைவேற்றுவேன்.’ ஆங்கில எழுத்தில் கொள்கைக்கும் கொள்ளைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஓர் எழுத்து. தினேஸ்வரி ‘ஜி’யை அழித்துவிட்டு ‘எல்’லைத் தட்டினாள்.

“எத்தன காப்பி, தங்கச்சி?” என்று கடைக்காரர் கேட்டார்.

“ஒண்ணு போதும்ணே.”

மறுநாள் மண்டபத்தில் நூற்றிருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். காற்றாடிகள் சுற்றின, காற்றுதான் வரவில்லை. துரைசிங்கம் முன்வரிசையில், முழுக்கைச் சட்டையில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புஷ்பலதா டீச்சர் பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டிருந்தார். தினேஸ்வரி மேடைக்குப் பின்னால் ஆர்த்திகாவிடம் தாளைக் கொடுத்தாள். ஆர்த்திகா அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஏறினாள்.

நன்றாகவே தொடங்கினாள். மூன்று நாள் பயிற்சி தெரிந்தது. பெயர், வகுப்பு, பெற்றோருக்கு நன்றி எல்லாம் தடுமாற்றமில்லாமல் வந்தன. துரைசிங்கத்தின் முகம் மலர்ந்தது. கடைசிப் பத்தியில் ஆர்த்திகா ஒரு நொடி நின்றாள். தாளைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. பிறகு குரலை உயர்த்தி, தெளிவாக, கையை நெஞ்சில் வைத்துச் சொன்னாள்:

“உங்கள் எல்லோருடைய ஆதரவோடும் இந்த ஆண்டு என் கொள்ளையை நிறைவேற்றுவேன்!”

மண்டபம் சிரிப்பில் வெடித்தது.

“அலமா! கொள்ளையாம் மச்சான்!” என்று சுரேன் நாற்காலியைத் தட்டினான். “போலீஸுக்குப் போன் போடு லா!” என்றான் இன்னொருத்தன். மூன்றாம் படிவப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். டீச்சர் எழுந்து நின்று கையைத் தட்டி அடக்கப் பார்த்தார். துரைசிங்கத்தின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து கிடந்தது.

ஆர்த்திகாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. தன் உச்சரிப்பைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் மிச்சமிருந்த இரண்டு வரியையும் படித்து, வணக்கம் சொல்லி, நிமிர்ந்த முதுகோடு இறங்கி வந்தாள்.

அடுத்தது தினேஸ்வரி. அவள் தாள் இல்லாமல் பேசினாள். கணீரென்ற குரல். “இந்த ஆண்டு நமது செயலவை ஒரு குடும்பம் போல ஒற்றுமையாக இயங்க வேண்டும் என்பதே என் ஆசை” என்று எழுதி வைத்திருந்ததை அப்படியே சொன்னாள். கைதட்டல் பலமாகவே வந்தது. அவள் ஆசைப்பட்டதெல்லாம் அந்தக் கைதட்டலில் இருந்தது. கீழே இறங்கும்வரை அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

நிகழ்ச்சி முடிந்து கழகத்தின் பைலை எடுத்துக்கொண்டு கேண்டின் பக்கமாக வந்தபோது, தண்ணீர்க் குழாய் அருகே துரைசிங்கமும் மகளும் நிற்பதைப் பார்த்தாள். தூணுக்கு இந்தப்பக்கம் நின்றுவிட்டாள்.

“நான் வாசிச்சுப் பாத்தனான்தானே? எழுத்தெல்லாம் சரியாத்தான் கிடந்தது” என்றார் துரைசிங்கம். சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துப் பேசினார். “ஒரு சொல்லு. ஒரேயொரு சொல்லை ஒழுங்காச் சொல்ல ஏலாதோ உனக்கு? அத்தனை பேருக்கு முன்னால எங்கட பேரைக் கெடுத்துப் போட்டாய். இனிமேல் தமிழ், கிமிழ் எண்டு மேடையில ஏறாத.”

“சாரி, அப்பா.”

“சாரி! சாரி எண்டா சரியாப் போச்சோ?”

அவர் காரைப் பார்த்து நடந்தார். ஆர்த்திகா கையிலிருந்த தாளைப் பிரித்தாள். படித்தாள். உதட்டை அசைத்து இன்னொரு முறை படித்தாள். அப்போதுதான் தூணருகே நின்ற தினேஸ்வரியைக் கண்டாள்.

தினேஸ்வரி கையை நீட்டினாள். “அந்தத் தாளக் குடு. பைல்ல வைக்கணும்.”

ஆர்த்திகா தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். காரைப் பார்த்து நடந்தாள்.

அன்று மாலையே பள்ளியின் முகநூல் பக்கத்தில் காணொளி ஏறிவிட்டது. நவமணி வேலை முடிந்து வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு பார்த்தாள். மகள் பேசியதை இரண்டு தடவை ஓடவிட்டாள். பிறகு தலைவி பேசியதைப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஐயையோ, கொள்ளையடிக்கப் போறாளாம் இவ!” கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றது. “அந்தப் புள்ள மூஞ்சியப் பாரு. எதுக்குச் சிரிக்கிறானுங்கன்னு தெரியாம முழிக்குது. யாரு எழுதிக் குடுத்தது இதுக்கு?”

“நான்தான்.”

நவமணி கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

“டைப் பண்ணும்போது கை தவறிடுச்சும்மா.”

“ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல கையுற பாக்குறேன்” என்றாள் நவமணி. “தானா விழுந்த ஓட்ட எது, எவனாச்சும் நகத்தால கிழிச்சது எதுன்னு எனக்குத் தெரியும்.”

அம்மா அறிவுரை சொல்லப்போகிறாள் என்று தினேஸ்வரி காத்திருந்தாள். நவமணி எழுந்து முடியை முடிந்துகொண்டாள்.

“சரி. மாட்டிக்காத. மாட்டுனா என்னக் கூப்பிட்டு விடுவாங்க. இந்த மாசம் எனக்கு லீவு குடுக்க மாட்டானுங்க.”

மறுநாள் ஓய்வு நேரத்தில் ஆர்த்திகா கழக அறைக்கு வந்தாள். அறை என்றால் நூல்நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அலமாரியும் ஒரு மேசையும்தான். தினேஸ்வரி வருகைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். ஆர்த்திகா இரண்டு தாள்களை மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள். ஒன்று மேடையில் படித்தது. மற்றது வாட்சாப்பில் வந்ததை வீட்டில் அச்செடுத்தது. இரண்டிலும் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள்.

“தவறி நடந்ததுன்னு மட்டும் சொல்லாத. நீ கமாகூடத் தப்பாப் போட மாட்ட.”

“சொல்லல.”

“மேடையில எனக்கு டவுட் வந்துச்சு, தெரியுமா?” ஆர்த்திகாவின் குரல் தணிந்தே இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. “நான் மூணு நாளா வேற மாதிரி பிராக்டிஸ் பண்ணேன். உன் பேப்பர்ல வேற மாதிரி இருந்துச்சு. நான்தான் தப்பா மனப்பாடம் பண்ணிட்டேன்னு நினைச்சேன். ஏன்னா நீ தமிழ்ல பெஸ்ட். உன் பேப்பர் தப்பா இருக்காதுன்னு நம்பிட்டேன்.”

தினேஸ்வரிக்கு முகம் சுட்டது. அதை மறைக்கத்தான் கத்தினாள். “ஓட்டு எனக்குத்தான் விழுந்துச்சு! நாப்பத்தாறு! நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?”

“பாத்தேன். நானும்தான் எண்ணினேன்.”

“அப்புறம் ஏன் வாங்கிக்கிட்ட?”

“குடுத்தாங்க, வாங்கினேன். நீயா இருந்தா திருப்பிக் குடுத்திருப்பியா?”

தினேஸ்வரி வாயைத் திறந்தாள். திருப்பிக் கொடுத்திருப்பேன் என்று சொல்ல வரவில்லை. பொய் சொல்வதற்கும் அந்த நேரத்தில் தெம்பு வேண்டியிருந்தது.

இருவரும் புஷ்பலதா டீச்சர் முன்னால் போய் நின்றார்கள். டீச்சர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் துரைசிங்கத்தின் முகம் ஞாபகம் வந்துவிட்டது போலிருந்தது. “ஏம்மா இப்படி என் தலையில கல்லத் தூக்கிப் போடுறீங்க? தினேஸ்வரி, நீ பதவியிலேர்ந்து விலகிடு. எழுத்துல குடுத்துடு.”

“வேணாம் டீச்சர்” என்றாள் ஆர்த்திகா. “அவ இருக்கட்டும்.”

தினேஸ்வரி திரும்பிப் பார்த்தாள்.

“அவ விலகினா பின்னாடி உட்கார்றவங்க அவளை ஹீரோயின் ஆக்கிடுவாங்க. என்னை இன்னும் ஒரு வருஷம் சிரிப்பாங்க. அதோட கூட்டத்துல நடக்குறத மினிட் எழுத எனக்கு யார் இருக்கா? அவ எழுதட்டும். ஒவ்வொண்ணையும் நான் வேற ஆள்கிட்ட குடுத்து செக் பண்ணிட்டுத்தான் சைன் போடுவேன்.”

டீச்சருக்கு மூச்சு வந்தது. “அப்ப இதோட விடுங்க. ஆர்த்திகா, அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத. சின்ன விஷயம். பெருசாக்க வேணாம்.”

தினேஸ்வரி ‘வேண்டாம், நான் போகிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். மெட்ரிகுலேஷன் மனு நினைவுக்கு வந்தது. “இருக்கேன் டீச்சர்” என்றாள். எதிரி போட்ட பிச்சையை இரண்டு கையாலும் வாங்கினாற்போல் கூசியது.

பள்ளி விட்டதும் வாசலில் துரைசிங்கத்தின் கார் நிற்பதைப் பார்த்தாள். ஆர்த்திகா பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டிருந்தாள். தகப்பன் திரும்பிப் பார்க்கவில்லை, மகளும் பேசவில்லை. கதவு சாத்திக்கொண்டது. தினேஸ்வரி பேருந்து நிறுத்தத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். கால் எப்படித் திரும்பியது என்று அவளுக்கே தெரியாது. காரின் முன்பக்க ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள்.

கண்ணாடி இறங்கியது. “என்ன பிள்ளை?”

“அங்கிள், ஆர்த்திகா தப்பாப் படிக்கல. தாள்ல இருந்ததத்தான் படிச்சா. அந்த எழுத்த மாத்துனது நான். வேணும்னுதான் மாத்துனேன்.”

துரைசிங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைப் படித்தார். “எந்தத் தோட்டம் நீர்?”

“தோட்டம் இல்ல அங்கிள். குனோங் ராபாட்.”

“ம்” என்றார். “எங்க போனாலும் குணம் போகாது.”

தினேஸ்வரி சாலையோரம் நின்றபடியே கேட்டுக்கொண்டாள். அவர் பின்னால் திரும்பி மகளைப் பார்ப்பார், ஒரு சொல் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியை ஏற்றினார். பின்னிருக்கையிலிருந்து ஆர்த்திகா அவளை முறைத்தபடியே போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் துரைசிங்கம் முதல்வர் அறையில் இருந்தார். பத்து மணிக்கு நவமணியைக் கூப்பிட்டார்கள். தொழிற்சாலைச் சீருடையிலேயே மோட்டார் சைக்கிளில் வந்து, முதல்வர் மலாயில் சொன்னதையெல்லாம் தலைகுனிந்து கேட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். தினேஸ்வரியின் செயலாளர் பதவி பறிக்கப்பட்டது. வீட்டுக்குப் போகிற வழியில், சந்தி விளக்கில் மோட்டாரை நிறுத்தியபோது நவமணி பின்னால் திரும்பினாள்.

“மாட்டிக்காதன்னுதானே சொன்னேன்? அவங்களா புடிக்கல. நீயே போய் மாட்டிக்கிட்ட.”

“அந்த ஆளு அவளத் திட்டுனாரும்மா. செய்யாத தப்புக்கு.”

“அதுக்கு?” என்றாள் நவமணி. விளக்கு பச்சையானது. வண்டியைக் கிளப்பினாள். அரைநாள் சம்பளம் போனதைப் பற்றிப் பேசவே இல்லை. தினேஸ்வரி அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த புதன்கிழமை புதிய செயலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். வேடிக்கைக்காகக் கை தூக்கியவர்களின் புண்ணியத்தில் சுரேன் வந்துவிட்டான். டீச்சர் இந்த முறை முடிவை மாற்றத் துணியவில்லை.

கூட்டம் தொடங்குமுன் ஆர்த்திகா தினேஸ்வரியை வாசலில் மறித்தாள்.

“உனக்கு மூளை இருக்கா? நான் உன்னை வச்சுக்கத்தானே சொன்னேன்? இப்ப எனக்குச் சுரேன். அவன் தன் பேரையே தப்பா எழுதுவான்.”

“உங்கப்பா உன்னத்தானே திட்டுனாரு.”

“அது என் பிரச்சினை. உன்னை யார் கேட்டா?” ஆர்த்திகாவின் கண்கள் சிவந்திருந்தன. “உனக்கு நல்லவளா ஆகணும், அதுக்கு எங்க காரைத் தட்டின. இப்ப அப்பா இன்னும் மோசம். எழுத்து மாறினதுகூட உனக்குத் தெரியலையான்னு, வீட்டுல தமிழ்ல ஒரு வார்த்தை பேசினாலும் சிரிக்கிறார்.”

“அப்ப பேசாத.”

“பேசுவேன்” என்றாள் ஆர்த்திகா. “நீ எழுதிக் குடுத்துதான் பேசணும்னு இல்ல.” உள்ளே போய்த் தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேசையில் அவள் முன்னால் ஒன்றாம் ஆண்டுத் தமிழ்ப் பாடநூல் ஒன்று இருந்தது. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும் என்பதுபோல், அட்டை எல்லாருக்கும் தெரியும்படி வைத்திருந்தாள்.

சுரேன் சிரிக்கவில்லை. குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்தான். பிறகு எட்டித் தினேஸ்வரியைக் கூப்பிட்டான். “ஏய் தினேஸ், மினிட்ல மொதல்ல என்ன போடணும்?”

“நீதானே செயலாளர்” என்றாள் அவள். “என்னக் கேக்காத.”

உறுப்பினர்களின் வருகைப் பட்டியலில் கையெழுத்திட்டாள். ஐம்பத்தெட்டாவது பெயர். முன்வரிசையில் இடம் இருந்தது. அதைத் தாண்டிப் போய் நடுவில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள்.